நீலகிரி: வெட்டிய மண்ணும் வழி மாறிய நீரும்

நீலகிரியில் வீடு, விடுதி, தோட்டம், சாலை என்று என்ன செய்தாலும் அதற்கு மலை என்ன விலை கொடுக்கிறது என்று வாசகர்கள் கேட்டிருந்தார்கள். வந்த கேள்விகளில் ஒன்பதுக்கு இங்கே பதில் தருகிறோம். சரிவு, சாக்கடை, புல்வெளி என்று கேள்விகள் பல திசையில் போனாலும், மழைநீர் எந்த வழியாக இறங்குகிறது என்பதைப் பார்க்காமல் இவற்றில் பலவற்றுக்குப் பதில் சொல்ல முடியவில்லை.

குன்னூர் பக்கம் சரிவான ஐந்து சென்ட் மனை வாங்கியிருக்கிறோம். பொக்லைன் விட்டு முழுக்கச் சமன் செய்து, பின்னால் ஒரு தடுப்புச்சுவர் எழுப்பினால் போதும் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா? (கோவை வாசகர்)

செய்ய வேண்டாம். முதலில் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஐந்து சென்ட் என்பது ஏறத்தாழ 14 மீட்டருக்கு 14.5 மீட்டர். சரிவு 20 டிகிரி என்று வைத்துக்கொண்டால், மனையின் கீழ்முனைக்கும் மேல்முனைக்கும் 5 மீட்டர் உயர வேறுபாடு இருக்கும். கீழ்மட்டத்துக்கு முழுதாகச் சமன் செய்தால் பின்புறம் 5 மீட்டர் உயரத்துக்குச் செங்குத்தாக மண் நிற்கும். வெட்டி எடுக்கும் மண் 500 கன மீட்டருக்கு மேல், அதாவது 180 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி). வெட்டிய மண் பொலபொலத்துக் கால் பங்கு பெருகும் என்பதால், இரண்டு யூனிட் டிப்பரில் 115 லோடு வரை ஏற்ற வேண்டியிருக்கும். இத்தனை மண் எங்கே போகும் என்று மேஸ்திரியிடம் கேளுங்கள். பெரும்பாலும் பக்கத்துச் சரிவில்தான் தள்ளுவார்கள். கெட்டிப்படாத அந்த மண்தான் அடுத்த பெருமழைக்கு முதலில் இறங்கும். இறங்கி ஓடையை அடைக்கும். ஓடை வழி மாறிக் கீழே இருப்பவர் வீட்டுக்குள் போகும்.

அதே மனையை மூன்று படியாக வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் 1.7 மீட்டர் உயரத்தோடு நின்றுவிடும். வெளியேற்றும் மண்ணும் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். வீட்டுக்குள் ஒரு மட்டத்திலிருந்து அடுத்த மட்டத்துக்குப் பத்துப் படி ஏறி இறங்க வேண்டியிருக்கும். மலையில் அதைப் பெரிய குறையாக நினைக்க வேண்டியதில்லை.

தடுப்புச்சுவர் எங்கே தவறிப்போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இந்த மலையில் பாறைக்கு மேல் பல மீட்டர் ஆழத்துக்குச் சிதைந்த செம்மண் படிந்திருக்கிறது. காய்ந்திருக்கும்போது அது சுவரைப்போல நிற்கும். மூன்று நாள் விடாமல் பெய்தால் மண்துகள்களுக்கு இடையே நீர் நிறைந்து, ஒன்றை ஒன்று பிடித்திருந்த பிடி தளர்ந்துவிடும். சுவரைத் தள்ளுவது அப்போது மண் மட்டுமல்ல, மண்ணுக்குள் தேங்கிய நீரும்தான். ஆகவே எவ்வளவு கனமாகக் கட்டினாலும், நீர் வெளியேற வழியில்லாத சுவர் சாயும். 3 அங்குல பிவிசி குழாய்களைச் சற்று வெளிப்புறம் சாய்த்து, 5 அடிக்கு ஒன்றாக, வரிசைக்கு வரிசை மாற்றிப் பதியுங்கள். கடைசி வரிசை தரையிலிருந்து ஓர் அடிக்குள் இருக்க வேண்டும். சுவருக்குப் பின்னால் ஓர் அடி அகலத்துக்கு 40 எம்எம் ஜல்லி, ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவே வடிதுணி (ஜியோடெக்ஸ்டைல்). இந்தத் துணியை விட்டுவிட்டால் இரண்டே மழைக்காலத்தில் சேறு புகுந்து ஜல்லி அடைபடும். சுவர் அழகாக இருக்கட்டும் என்று துளைகளைப் பூசி மூடுவது இன்னொரு கேடு. கருங்கல் சுவரின் அடி அகலம் உயரத்தில் பாதியாவது இருக்கட்டும். சுவருக்கு மேலே, சரிவின் குறுக்கே, மேலிருந்து வரும் நீரைப் பிடித்து ஓடைக்குத் திருப்பும் கல் வாய்க்கால் ஒன்றும் வேண்டும். இரண்டு மீட்டருக்கு மேல் போகும் சுவரை மண்ணியல் தெரிந்த பொறியாளரின் வரைபடம் இல்லாமல் தொடங்காதீர்கள்.

வெட்டும் முறையும் முக்கியம். மொத்த நீளத்தையும் ஒரே மூச்சில் திறந்துவிடக் கூடாது. மூன்று நான்கு மீட்டர் வெட்டி, அங்கே சுவரை முடித்து, நடுவில் ஓர் இடம் விட்டு அடுத்ததை வெட்ட வேண்டும். குன்னூர், கோத்தகிரி பக்கம் வடகிழக்குப் பருவமழைதான் ஆபத்து. ஜனவரிக்கும் ஏப்ரலுக்கும் நடுவே மண் வேலையை முடித்துவிடுங்கள். கூடலூர், குந்தா பக்கம் ஜூன் முதல் செப்டம்பர் வரை மண்ணைத் தொடவே கூடாது.

இவ்வளவு எச்சரிக்கை எதற்கு என்று தோன்றினால் 1993 நவம்பரில் மரப்பாலத்திலும் 2009 நவம்பரில் கேத்தி, குன்னூர் சுற்றுவட்டாரத்திலும் நடந்ததை ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். 2009இல் சில நாள் மழையில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து 40 பேருக்கு மேல் இறந்தார்கள். பல சரிவுகள் சாலைக்கோ வீட்டுக்கோ அடிவாரம் வெட்டிய இடங்களில்தான் தொடங்கின.

பொக்லைன் இயக்க மாவட்ட நிர்வாகத்தின் அனுமதி வேண்டும். கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது. மனையில் மரம் இருந்தால் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டப்படி வெட்ட அனுமதி தேவை. மனை மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமத்தின் கீழ் வரும் கிராமத்தில் இருக்கிறதா என்பதை விலை பேசும் முன்பே விசாரித்திருக்க வேண்டும், இனியாவது விசாரியுங்கள்.

மழைநீர் சேகரிப்பு நல்லது என்று எல்லாரும் சொல்கிறார்கள். சமவெளியில் செய்வதுபோல வீட்டோரம் உறிஞ்சுகுழி தோண்டலாமா? (கோத்தகிரி வாசகி)

சமவெளியில் நல்லதாக இருப்பது செங்குத்தான சரிவில் கேடாக முடியும். ஆயிரம் சதுர அடிக் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 9,000 லிட்டருக்கு மேல் நீர் விழும். ஒரே இரவில் அவ்வளவையும் ஒரு குழிக்குள் இறக்கினால், கீழ்வீட்டின் தடுப்புச்சுவருக்குப் பின்னால் நீங்களே நீரை ஏற்றுவதாக ஆகும். மலையில் மழைநீரைத் தொட்டியில் பிடியுங்கள். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட ஒரு திருப்புக் குழாய், பிறகு மூடிய தொட்டி, தொட்டி நிரம்பினால் வழிவது கல் பாவிய வாய்க்கால் வழியாக ஓடை வரைக்கும். நீர் வெறும் மண்ணில் ஓர் அடி தூரம்கூட ஓடக் கூடாது.

செப்டிக் டேங்குக்கும் இதே கவனம் வேண்டும். அடியில் பூச்சு இல்லாத தொட்டி, ஆண்டு முழுக்கச் சரிவை நனைத்துக்கொண்டே இருக்கும். பருவமழை வரும்போது அந்த மண் பாதி நிறைந்த நிலையில் காத்திருக்கும். நீர் கசியாத தொட்டியாகக் கட்டி, இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை கழிவு வண்டி வைத்து எடுத்துவிடுங்கள். தொட்டியிலிருந்து வெளிவரும் நீரை வீடுகள் இல்லாத, சரிவு குறைந்த பக்கமாகக் குழாயில் கொண்டுபோய், ஜல்லி நிரப்பிக் கல்வாழை நட்ட பாத்தியில் விடலாம்.

கல்லூரி நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஐந்நூறு மரக்கன்றோடு உதகைக்கு வருகிறோம். மரமே இல்லாத மொட்டை மலைகளில் நட விரும்புகிறோம். எந்தக் கன்று ஏற்றது? (நாமக்கல் மாணவர்)

எந்தக் கன்றும் வேண்டாம். கன்றுகளை உங்கள் ஊரிலேயே நட்டுவிட்டு, வெறுங்கையோடு வாருங்கள். வேலை நிறைய இருக்கிறது.

நீங்கள் மொட்டை மலை என்று நினைப்பது மரம் அழிந்த இடமல்ல. மலைமடிப்புகளில் சோலை என்னும் அடர்ந்த குறுங்காடு, முதுகிலும் சரிவிலும் புல்வெளி என்பதுதான் மேல்மலையின் இயற்கை அமைப்பு. டிசம்பர், ஜனவரியில் புல்மேல் உறைபனி படியும். சோலைமரக் கன்றுகள் அதில் கருகிவிடும். வரையாடு மேய்வதும், குறிஞ்சி பூப்பதும், தோடர்களின் எருமைகள் வாழ்வதும் இந்தப் புல்லை நம்பித்தான். இதைப் பயனற்ற தரிசு என்று கணக்கில் எழுதி, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகையும் (வாட்டில் மரம்), விறகுக்கும் ஆலைக்குமாகக் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), இடையிடையே பைனும் ஆயிரக்கணக்கான ஹெக்டேரில் நட்டார்கள். மலைக்கு நேர்ந்த மிகப் பெரிய சேதங்களில் ஒன்று அது. மரம் நட்டோம் என்ற நல்ல பெயரோடு நடந்ததால் நெடுங்காலம் யாரும் அதைச் சேதமாகவே பார்க்கவில்லை.

நீர்க்கணக்கு இது. உதகையிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளன்மார்கனில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை ஒப்பிட்டது. ஒன்றைப் புல்லாகவே விட்டு, மற்றொன்றின் ஒரு பகுதியில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டிலேயே மரம் நட்ட பக்கம் நீர்வரத்து ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்தது. கோடையில் ஓடைகள் வற்றுவதற்கு மழைக்குறைவு மட்டும் காரணமில்லை.

உங்களுக்கான வேலை சீகைக் கன்றுகளைப் பிடுங்குவது. வனத்துறை அனுமதியோடு, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டும் செய்யுங்கள். மழை பெய்து மண் ஈரமாக இருக்கும் ஜூலை, ஆகஸ்ட் சரியான காலம். முழங்கால் உயரத்துக்குள் இருக்கும் கன்றாகப் பாருங்கள். உச்சியைப் பிடித்து இழுத்தால் கழுத்தில் ஒடிந்து, அடி மீண்டும் துளிர்க்கும். குனிந்து, மண்ணை ஒட்டி இரண்டு கையாலும் பிடித்து, மெதுவாக நேர்மேலே இழுத்தால் வெள்ளை வேர் முழுதாக வரும். பிடுங்கியதை வேர் மேலே பார்க்கும்படி குவித்து வையுங்கள். ஈர மண்ணில் படுக்கப் போட்டால் சில கன்றுகள் பிழைத்துக்கொள்ளும். பெரிய மரங்களைத் தொடாதீர்கள். சரிவில் நிற்கும் சீகையை மொத்தமாக வெட்டினால் மண் இறங்கிவிடும். பட்டை பட்டையாகத்தான் எடுக்க வேண்டும்; வெட்டிய கட்டைகளைச் சரிவின் குறுக்கே கிடத்த வேண்டும்; அடிமரத்தைத் தோண்டக் கூடாது. நெருப்பு வைப்பது எல்லாவற்றிலும் மோசம். சீகை விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கும். தீயின் சூடு பட்டதும் தோடு வெடித்து, கம்பளம் விரித்ததுபோல முளைக்கும்.

அகற்றிய இடத்தில் புல் நடலாம். பக்கத்துப் புல்வெளியிலிருந்து சிறிது எடுத்து நாற்றங்காலில் பெருக்கிய தூரை, மூன்று நான்கு தூர்களாகப் பிரித்து, ஓர் அடிக்கு ஒன்றாக ஊன்ற வேண்டும். ஒரு சென்ட்டுக்கு ஏறத்தாழ 435 தூர் பிடிக்கும். ஒரு ஏக்கருக்கு 43,500. நட்ட பிறகும் ஐந்தாறு ஆண்டு, ஆண்டுதோறும் வந்து சீகைக் கன்று பிடுங்க வேண்டும். ஒரு நாள் வந்து படம் எடுத்துக்கொண்டு போகிற வேலையாக இதை நினைக்காதீர்கள். உங்களுக்கு அடுத்த வகுப்பும் அதற்கடுத்த வகுப்பும் வர ஏற்பாடு செய்துவிட்டு வாருங்கள்.

கேரட் தோட்டத்தில் நீர் தேங்கினால் கிழங்கு அழுகிறது. அதனால் வரப்பை மேலிருந்து கீழாகவே போடுகிறோம். மண் அரிக்கிறது என்பதும் தெரிகிறது. வேறு வழி உண்டா? (கேத்தி விவசாயி)

உண்டு. உங்கள் பயம் நியாயமானது. குறுக்கு வரப்பைச் சரிமட்டமாகப் போட்டால் நீர் தேங்கத்தான் செய்யும். அதனால் நூறு அடிக்கு ஓர் அடி இறக்கம் கொடுத்துக் குறுக்கே போடுங்கள். நீர் தேங்காது, மண்ணை அள்ளிக்கொண்டும் ஓடாது. இதை அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். இரண்டு கழிகளை ஆங்கில 'A' எழுத்தைப்போல முக்கோணமாகக் கட்டி, கால்களுக்கு நடுவே இரண்டு மீட்டர் இருக்கும்படி குறுக்குச் சட்டம் அடித்து, உச்சியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிடுங்கள். சமதரையில் நிறுத்தி நூல் சட்டத்தில் படும் இடத்தைக் குறியுங்கள். இப்போது ஒரு காலின் அடியில் 2 செ.மீ. தடிமனுள்ள கட்டையை ஆணி அடித்துச் சேர்த்துவிட்டால் உங்களுக்கு வேண்டிய இறக்கம் கிடைத்துவிடும். நூல் குறியில் நிற்கும்படி காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே போய் முளை அடியுங்கள். நீளமான காலை எப்போதும் இறங்கும் பக்கம் வையுங்கள்.

வரப்புகள் கொண்டுவரும் நீர் முழுவதும் சேரும் ஓரத்து வாய்க்காலை வெறும் மண்ணாக விடாதீர்கள். புல் படர்ந்த, அகலமான, ஆழம் குறைந்த வாய்க்காலாக இருக்கட்டும். அறுவடையான கேரட்டை ஓடையிலேயே கழுவினால் மேல்மண்ணும் அதிலுள்ள மருந்தும் நேரே அடுத்த ஊரின் குடிநீருக்குப் போகும். கழுவும் இடத்தில் மூன்று தொட்டிகளை அடுத்தடுத்துக் கட்டிச் சேற்றைத் தங்க வைத்துவிட்டு, தெளிந்ததை விடுங்கள். தங்கிய சேறு உங்கள் மேல்மண்தான். அள்ளித் தோட்டத்திலேயே போட்டுக்கொள்ளலாம்.

இ-பாஸ், வண்டிக் கட்டுப்பாடு என்றெல்லாம் கெடுபிடி செய்தால் ஊர் எப்படிப் பிழைக்கும்? நாங்கள் வந்து செலவழிப்பதால்தானே அங்கே கடை நடக்கிறது? (சென்னை வாசகர்)

கடை நடப்பது உண்மை. அந்த வருமானத்தை நம்பியிருக்கும் குடும்பங்களை யாரும் ஒதுக்கிவிட முடியாது. ஆனால் எண்ணிக்கையைப் பாருங்கள். 2011 கணக்கெடுப்பில் உதகை நகரத்தின் மக்கள்தொகை 88,430. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ், அதாவது வெளியூர் வண்டிகள் இணையத்தில் முன்கூட்டியே பெற வேண்டிய அனுமதிச் சீட்டு, வந்தது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நீலகிரிக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 சுற்றுலா வண்டிகள் என்று வரம்பு வைத்தார்கள். வண்டிக்கு நாலு பேர் என்றாலும் 8,000 வண்டியில் 32,000 பேர். கட்டுப்பாடு வைத்த பிறகும் நகரத்து மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேலான வெளியூர்க்காரர்கள் ஒரே நாளில் வந்து சேரலாம் என்று பொருள். அதுவும் அணைகளில் நீர் மிகக் குறைந்திருக்கும் மே மாதத்தில். பார்சன்ஸ்வேலியிலிருந்தும் மார்லிமந்திலிருந்தும் வரும் நீரைத்தான் ஊர்க்காரரும் நீங்களும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும்.

வண்டிகளை எண்ணுவதோடு பிரச்சினை தீராது என்பதையும் சொல்ல வேண்டும். அறைகளை எண்ண வேண்டும். அறைகளின் கழிவுநீர் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். வீடு என்று அனுமதி வாங்கிக் காட்டேஜாக வாடகைக்கு விடும் கட்டடத்தில் நாலு பேருக்குக் கட்டிய தொட்டியை இருபது பேர் பயன்படுத்துகிறார்கள். கோடப்பமந்து கால்வாய் வழியாக உதகை ஏரிக்குள் இறங்கும் சாக்கடையை அந்தக் கரையில் ஐந்து நிமிடம் நின்றாலே மூக்கு சொல்லிவிடும்.

வருகிறவர் செய்யக்கூடியது: மே மாதத்தைத் தவிர்த்து வார நாளில் வாருங்கள். காரை மேட்டுப்பாளையத்தில் விட்டுவிட்டு அரசுப் பேருந்தில் ஏறுங்கள். பேருந்துப் பயணிக்கு இ-பாஸ் தேவையில்லை. அறை பதிவு செய்யும்போது, விடுதிக்கு உரிமம் இருக்கிறதா, கழிவுநீர் எங்கே போகிறது என்று இரண்டு கேள்வி கேளுங்கள். பத்துப் பேர் கேட்டால் விடுதிக்காரர் பதிலைத் தயார் செய்துதான் ஆக வேண்டும்.

தண்ணீர் பாட்டிலை வாசலிலேயே பிடுங்கிக்கொள்கிறார்களே? (திருப்பூர் வாசகர்)

5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்கு 2019 முதல் மாவட்டத்தில் தடை இருக்கிறது. எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள். சாலையோரத் தண்ணீர் ஏடிஎம்களில் நிரப்பிக்கொள்ளலாம். மதுப் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் திட்டமும் 2022 மே மாதம் இங்கேதான் தொடங்கியது. காட்டோரம் உடைந்து கிடக்கும் கண்ணாடி யானையின் பாதத்தைக் கிழித்தால் அந்தப் புண் எளிதில் ஆறாது. தயவுசெய்து பாட்டிலைத் திருப்பிக் கொடுங்கள்.

சீகூர் பகுதியில் பட்டா நிலத்தில் இருந்த விடுதிகளைக்கூட மூடச் சொன்னது எந்த வகையில் நியாயம்? (மதுரை வாசகர்)

அந்த நிலத்தின் அமைப்பைப் பார்த்தால் காரணம் புரியும். தெற்கே நீலகிரியின் செங்குத்தான சரிவு, யானை ஏறாது. வடக்கே மாயாற்றின் ஆழ்பள்ளம், யானை இறங்காது. நடுவே இருக்கும் குறுகிய மேடுதான் மேற்குத் தொடர்ச்சி மலையையும் கிழக்குத் தொடர்ச்சி மலையையும் இணைக்கிறது. அதன் குறுக்கே ஒரு விடுதி மின்வேலி போட்டால் யானை திரும்பிப் போகாது. பக்கத்து ஊர் வழியாகப் போகும். அங்கே பயிரும் உயிரும் போவது விடுதிக்காரருக்கல்ல, கூலி வேலை செய்யும் குடும்பங்களுக்கு. இந்த இடத்தை யானை வழித்தடமாக அறிவித்த 2010ஆம் ஆண்டின் அரசாணையை 2011இல் சென்னை உயர் நீதிமன்றமும் 2020 அக்டோபர் 14இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்தன. நில உரிமையாளர்களின் ஆட்சேபங்களைக் கேட்கத் தனிக் குழுவும் அமைக்கப்பட்டது. தலைமுறையாக அங்கே வாழும் சிற்றூர் மக்களையும் பழங்குடிகளையும் விடுதிக்காரரோடு ஒரே தட்டில் வைக்கக் கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

மலையில் நடப்பதற்கும் ஈரோட்டு விவசாயிக்கும் என்ன தொடர்பு? (கோபி வாசகர்)

உங்கள் வாய்க்கால்தான் தொடர்பு. மேல்பவானிப் புல்வெளியில் பிறக்கும் பவானியும், பைக்காரா பக்கமிருந்து இறங்கும் மாயாறும் பவானிசாகரில் சேர்கின்றன. கீழ்பவானிப் பாசனத்தின் 2,07,000 ஏக்கர் அதை நம்பியிருக்கிறது. மேலே புல் இருந்தால் நீர் மெல்லக் கசிந்து தை மாசி வரைக்கும் வரும். புல் போய்க் கட்டடமும் வெட்டுமண்ணும் வந்தால் இரண்டு நாள் வெள்ளமாக, வண்டல் சுமந்து வரும்; அணையில் நீர் நிற்க வேண்டிய இடத்தில் சேறு நிற்கும். பாசன சபைக் கூட்டங்களில் நீர் திறப்புத் தேதியைக் கேட்பதுபோல, நீர்ப்பிடிப்பில் என்ன அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்பதையும் கேளுங்கள்.

எங்கள் வீடு பழையது. சுவரில் விரிசல் இருக்கிறது. மழைக்காலத்தில் எதைப் பார்த்துப் பயப்பட வேண்டும்? (குன்னூர் வாசகி)

எல்லா விரிசலும் ஆபத்தல்ல. வளரும் விரிசல்தான் ஆபத்து. விரிசலின் இரண்டு முனையிலும் பென்சிலால் சிறு கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். நடுவில், விரிசலுக்குக் குறுக்கே, விரலகலக் கண்ணாடித் துண்டு ஒன்றை இரண்டு ஓரத்திலும் சிமென்ட் வைத்து ஒட்டுங்கள். சுவர் நகர்ந்தால் கண்ணாடி முறிந்துவிடும். அக்டோபர் தொடங்கும் முன்பே இதைச் செய்து வையுங்கள்.

வெளியே பார்க்க வேண்டியவை: மேட்டில் சரிவின் குறுக்கே புதிதாக வந்த தரைப்பிளவு, சாயத் தொடங்கிய மரமோ மின்கம்பமோ, தெளிந்து வந்த ஊற்று திடீரெனக் கலங்கி வருவது, தடுப்புச்சுவரின் வயிறு முன்னால் தள்ளுவது. மழை கொட்டும்போது கசிவுத்துளையில் நீர் வராமல் நின்றுவிட்டாலும் நல்லதல்ல. நீர் உள்ளே தேங்குகிறது. வீட்டுக்குள், நேற்று வரை சாத்திய கதவு இன்று நிலையில் இடித்தால் கவனியுங்கள். தரைப்பிளவுக்குள் நீர் இறங்காதபடி தார்ப்பாய் விரித்து, ஓரத்தில் கல் வையுங்கள். அதை அடைக்கிறேன் என்று மேலே ஏறி நின்று மண் கொட்டாதீர்கள்.

மாவட்டக் கட்டுப்பாட்டு அறையின் எண் 1077. இரவில் படுக்கும் முன் டார்ச் அடித்துக் கண்ணாடித் துண்டை ஒருமுறை பாருங்கள். முறிந்திருந்தாலோ, பென்சில் கோட்டைத் தாண்டி விரிசல் நீண்டிருந்தாலோ, மழை விடட்டும் என்று காத்திருக்காமல் அந்த இரவே எல்லாரும் வேறு வீட்டுக்குப் போய்விடுங்கள்.